மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி விடிவதற்குள் ஐயப்பன் கோயில்களில் வரிசை வீதிக்கு வந்துவிடும். தலைக்குக் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமியின் முன் குனிந்து நிற்பார்கள். துளசிமணி மாலை கழுத்தில் விழுந்த நிமிடத்திலிருந்து ஆளே வேறு. நேற்றுவரை எட்டு மணிக்குப் போர்வையை விலக்காதவர் நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டை முடித்தவர் அதைத் தொடுவதில்லை. குடி கிடையாது, கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை, சாயங்காலம் பஜனை. கோபம் வந்தாலும் வாயில் கெட்ட வார்த்தை வருவதில்லை. 41 நாள் இப்படி. ஒரு மண்டலம் என்று 48 நாள் இருப்பவர்களும் உண்டு.

மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் அதே டீக்கடை, அதே பெட்டிக்கடை, அதே பாக்கெட். "வருஷம் பூரா மாலையோடவே இருந்துடக் கூடாதா" என்று மனைவிமார் கேட்பதைப் பல வீடுகளில் கேட்கலாம்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வருடமாகப் புகைக்கிற ஒருவர் ஒரே நாளில் நிறுத்தி 41 நாள் தாக்குப்பிடிப்பது பெரிய காரியம். அதை எப்படிச் சாதித்தார், சாதித்தது ஏன் கையை விட்டுப் போனது என்பதுதான் யோசிக்க வேண்டியது. நல்ல பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள நினைக்கிற யாருக்கும், அவருக்குப் பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதில் பாடம் இருக்கிறது.

விரதம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் மாலை, குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது உடம்பில் படுகிறது. உடையைப் பார்த்ததும் ஊருக்கே தெரிகிறது. பஸ் கண்டக்டர் "சாமி, டிக்கெட்" என்கிறார். முதலாளியும் "சாமி" என்கிறார். பெற்ற அப்பாவும் "சாமி" என்கிறார். நேற்றுவரை "ஒரு தம் போடலாம் வாடா" என்று இழுத்துப்போன சிநேகிதன் இன்றைக்குத் தானே தள்ளி நின்று புகைக்கிறான். எழுகிற நேரம், குளிக்கிற நேரம், சரணம் சொல்கிற நேரம் எல்லாம் முன்னமே வகுத்தவை. கூடவே பத்துப் பேர் அதையே செய்கிறார்கள். முடிகிற தேதியும் தெரியும். இத்தனைக்கு நடுவில் அந்த மனிதர் காலையில் உட்கார்ந்து "இன்றைக்குப் புகைக்கலாமா, வேண்டாமா" என்று தனக்குள் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே வருவதில்லை. அவருடைய மன உறுதிக்கு வேலை குறைவு. சூழல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

உடம்பின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகரெட்டை நிறுத்தியதும் வருகிற எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அவை அடங்கிவிடும். அப்படியென்றால் 41-ஆம் நாள் மாலையைக் கழற்றுகிறவரின் உடம்பு நிகோடினை நச்சரித்துக் கேட்கிற கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டது. பிறகு அவரை இழுப்பது எது? சாப்பிட்டு முடித்ததும் கை சட்டைப்பையைத் தேடுகிற தருணம். டீக்கடை பெஞ்ச். பதினொரு மணி இடைவேளை. நண்பனின் கையிலிருக்கும் தீப்பெட்டி. விரதம் முடிந்ததும் சூழல் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. பழக்கம் அங்கேதான் காத்திருக்கிறது.

இதே கதை தலைகீழாக நடந்ததற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று 1971-இல் நிக்சன் அரசு பயந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஓராண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் பேர்தான். பலர் இதை நம்பவே மறுத்தார்கள். போர்முனை இல்லை, கூட்டாளிகள் இல்லை, சுலபமாகக் கிடைக்கிற சரக்கும் இல்லை. குடும்பமும் வேலையும் இருந்தன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் சொல்வது, தொட்டில் அதே இடத்தில் கிடக்கும்வரைக்கும்தான் உண்மை.

பழக்கம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வெண்டி வுட் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். மணிக்கொரு முறை "இப்போது என்ன செய்கிறீர்கள்" என்று மாணவர்களைக் குறித்துவைக்கச் சொன்ன அவருடைய 2002-ஆம் ஆண்டு ஆய்வில், அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பழக்கத்தால் நடப்பவை என்று தெரிந்தது. அவரும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரத்துப் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிட்டே பழகியவர்கள், நமுத்துப்போனதையும் புதியதைப் போலவே தின்றார்கள். ருசி பிடித்துத் தின்றதாகச் சொல்ல முடியாது. அதே ஆட்களைப் போன்றவர்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது பழையதை ஒதுக்கிவிட்டார்கள். தியேட்டரிலேயே, வழக்கமாகச் சாப்பிடாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் ஒதுக்கினார்கள். டிவி முன்னால் உட்கார்ந்ததும் மிக்சர் டப்பாவைத் தேடும் கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. டப்பாவை மேல் அலமாரியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எத்தனை நாளில் ஒரு பழக்கம் படியும்? 21 நாள் என்று மேடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். இது தொடங்கியது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடமிருந்து. தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் தொலைந்தது. முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வு நம்பத்தக்கது. 96 பேர், ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்து, தினமும் ஒரே தருணத்தோடு சேர்த்து 12 வாரம் செய்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் என்பது போன்றவை. யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது; உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் பிடித்தது. மண்டலம் போதாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு ஒன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் நடைப்பயிற்சி தவறியதும் "அவ்வளவுதான், நமக்கெல்லாம் ஆகாது" என்று ஷூவைப் பரணில் போடுகிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். மறுநாள் போனால் போதும்.

தொடங்குவதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இதய நோயைப் பற்றி ஒரு மணி நேரம் பயமுறுத்திப் பேசினால் எல்லோரும் நடக்கப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறோம். 2002-இல் சாரா மில்னும் சகாக்களும் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒன்றும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம் பேர் ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சியின் அருமையை விளக்கிப் படிக்கக் கொடுத்த குழுவில் 35 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு அதையும் கொடுத்து, "எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன்" என்று எழுதவும் சொன்னார்கள். 91 சதவீதம் பேர் செய்தார்கள். குருசாமி சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: இந்த நேரத்தில் எழு, இந்த இடத்தில் நில், இதைச் சொல். "இனிமேல் நல்லவனாக இரு" என்று மட்டும் சொல்லி அவர் யாரையும் அனுப்புவதில்லை.

படிப்புக்கும் இது பொருந்தும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். வீட்டிலேயே புத்தகம் இருக்கும்போது எதற்கு இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்? அங்கே உட்கார்ந்தால் கை புத்தகத்தைத் திறக்கிறது, பக்கத்தில் இருப்பவர் படிக்கிறார், டிவி கிடையாது. படிக்கிற முறையிலும் ஒரு பழக்கத்தை மாற்றினால் பலன் பெரிது. ராபின்ஸ் பணியாற்றிய அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு தவணை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே தவணை படித்துவிட்டு, மூன்று தவணை பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்கள் 61 சதவீதம். திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது இதிலுள்ள சோகம். தினமும் நூலகத்திலிருந்து எழுவதற்கு முன் புத்தகத்தை மூடி, அன்றைக்குப் படித்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவிட்டு எழுந்தால், அந்த ஒன்றே போதுமான ஒழுக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆண் மாலை போட்ட வீட்டில் நாலு மணிக்கு முதலில் எழுவது யார்? வீட்டைக் கழுவி, தனிப் பாத்திரத்தில் சமைத்து, வேட்டியைத் துவைத்து, பூஜைக்கு எடுத்துவைப்பவர் யார்? அவருடைய ஒழுக்கத்துக்கு வேண்டிய சூழலில் பெரும்பகுதியை மனைவியோ அம்மாவோ தன் உழைப்பால் கட்டித் தருகிறார். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் அந்த அம்மாவிடம் சொன்னால், அவருக்கு அந்த அரை மணி நேரத்தை யார் கட்டித் தருகிறார்கள்? ஆறு மணிக்குக் காபி போட வேண்டியிருக்கிறது, ஏழுக்கு டிபன் பாக்ஸ். "அவளுக்குச் சோம்பல்" என்று சொல்லிவிடுகிறோம். அடுப்படியை அந்த அரை மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொண்டால் அவர் நடந்துவிடுவார்.

பத்தாயிரம் அடி என்று அவரை மிரட்டவும் வேண்டாம். அந்த எண், 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் வித்தியாசம் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு; ஐந்து நாள், அரை மணி நேர வேக நடை அதற்குப் போதும்.

வருகிற கார்த்திகையில் மாலை போடப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாலையில் இருக்கும்போதே, மனம் தெளிவாக இருக்கும் அந்த நாட்களில், கழற்றிய மறுநாள் எப்படி இருக்கும் என்று வீட்டாரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். டீயை எந்தக் கடையில் குடிப்பது, சாப்பிட்டதும் கைக்கு என்ன வேலை, சிநேகிதர்களிடம் என்ன சொல்வது, அதிகாலை எழுவதில் எதை வைத்துக்கொள்வது. எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஒன்றைப் பிடியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிக்கிறவர் மாலை போட்ட அன்று திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அவருக்குக் கோயிலுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது; அதைப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். போதையிலிருந்து மீள தேசிய உதவி எண் 14446. புகையிலையை நிறுத்த 1800-11-2356; 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த எண் அச்சாகி வருகிறது. கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.