பாடலின் நேர்ப்பொருள்

கவிஞனின் பெயரும் காலமும் அறியாத நிலையில், நன்கு கற்ற மாணவனும் ஒரு பாடலைப் பற்றி என்ன சொல்வான் என்பதைச் சோதித்தறிய விரும்பிய ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், 1920களில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தம் விரிவுரைகளைக் கேட்க வந்தோரிடம் அத்தகைய பாடல்களைக் கொடுத்து, ஒரு வாரம் அவகாசமளித்து, தத்தம் அபிப்பிராயத்தை எழுதித் தரும்படி கேட்டார். அவ்வாறு சேர்ந்த எழுத்துகளை ஆராய்ந்து, 13 பாடல்களோடு, 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக வெளியிட்டார். ஆங்கிலக் கவிதை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட உபகாரமான நூல் அரிது என்பது என் உறுதியான எண்ணம்.

அலங்காரத்தையும் தத்துவத்தையும் பற்றி விஸ்தாரமாக எழுதத் தெரிந்தவர்களிற் பலர், பாடலின் நேர்ப்பொருளையே பற்றிக்கொள்ளவில்லை என்பதே அந்நூல் வெளிப்படுத்திய உண்மை. அப்பாடல்களுள் ஒன்றான, பியானோ இசையைக் கேட்டுத் தாயின் நினைவில் கரையும் டி. எச். லாரன்ஸின் பாடலை மலிவான உணர்ச்சிப் பெருக்கென்று கடிந்தவர்கள், அந்நினைவின் ஆதிக்கத்தைக் கவிஞர் எதிர்த்து நின்றே தோற்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை. ஜான் டன்னின் சானெட்டையோ, அதிலுள்ள கிறிஸ்தவக் கொள்கையில் தமக்கு விசுவாசமில்லை என்ற காரணத்தாலேயே சிலர் தள்ளிவிட்டனர்.

அந்தச் சானெட்டையே வகுப்பில் எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எது, பயனிலை எது என்று மாணவனைக் கொண்டே காண வைக்க வேண்டும். அதன் பின்னரே, 14 அடிகளில் குரல் எங்கே திரும்புகிறது என்று வினவ வேண்டும். முதல் 8 அடிகளில் இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளங்களை முழங்கச் சொல்லி, வெள்ளத்திலும் போரிலும் நோயிலும் மாண்ட அனைவரையும் எழுந்து வரும்படி கம்பீரமாக அழைத்த அதே கவிஞர், 9ஆம் அடியில் சட்டென்று தணிந்து, அவர்கள் இன்னும் சிறிது காலம் உறங்கட்டும், தம் பாவங்களுக்காக வருந்தத் தமக்கு அவகாசம் வேண்டும் என்று இறைவனிடம் மன்றாடுகிறார். உலகனைத்தையும் நோக்கி ஆணையிட்ட குரல் ஒரு தனிமனிதனின் அச்சமாக ஒடுங்கும் அந்தக் கணத்தைத் தன் காதாலேயே உணர்ந்த மாணவனுக்கு, சானெட்டின் இலக்கணத்தைத் தனியே உருப்போட வேண்டிய அவசியம் நேராது. டன்னின் மதக்கொள்கையை ஏற்காமலே அவருடைய மனநடுக்கத்தில் பங்குகொள்ளவும் அவனால் முடியும்.

கவிஞரின் சரித்திரமும் காலப் பின்னணியும் வேண்டாதவை அல்ல. ஆனால் அவை முதலில் வந்துவிட்டால், மாணவன் பாடலைப் படிப்பதை விட்டுப் புகழைப் படிக்கத் தொடங்கிவிடுகிறான்.

சொல்லுக்குச் சொல் நின்று பொருள் காணும் இப்பயிற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வில்லியம் எம்ப்ஸன் சான்று. கணிதம் படிக்கக் கேம்பிரிட்ஜ் வந்து, பின் ரிச்சர்ட்ஸிடம் ஆங்கிலம் பயின்ற அவர், ஆங்கில விமர்சனத்தின் போக்கையே மாற்றிய ‘செவன் டைப்ஸ் ஆஃப் ஆம்பிகுய்ட்டி’ என்ற நூலை 1930இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 24.