தொலைபேசியில் காப்பீடு: இயந்திரக் குரல் கேட்காமல் விடும் கேள்வி

காப்பீட்டுப் பாலிசியைத் தொலைபேசி வழியே விற்கும் டெலிகாலரின் பணி வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், வாங்கக்கூடியவரைத் தேடிப் பிடிப்பது, வாங்க இசைந்தவரிடம் உடல்நிலையையும் தொழிலையும் விசாரித்து முன்மொழிவுப் படிவத்தை, அதாவது பாலிசி கோரும் விண்ணப்பத்தை, நிரப்புவது என இரண்டு வேலைகள் அதனுள் அடங்கியுள்ளன. செயற்கை நுண்ணறிவு முதல் வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாவதையும் அதனிடம் ஒப்படைத்தால், சிறுமலை அடிவாரம் தொடங்கி வேடசந்தூர், நிலக்கோட்டை வரை பரந்த திண்டுக்கல் சமவெளியின் மில் தொழிலாளரும் பூ விவசாயியும் என்ன விலை கொடுக்க நேரும் என்பதைப் பற்றித்தான் போதிய பேச்சு எழவில்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2013-இல் 702 தொழில்களை ஆராய்ந்து, கணினிமயமாகும் வாய்ப்பு மிகுந்தவற்றுள் தொலைபேசி விற்பனையைச் சேர்த்து, அதற்கு 99 விழுக்காடு என மதிப்பிட்டனர். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள், அந்த எழுத்துக்கு மறுமொழி வகுக்கும் மொழி மாதிரி, மறுமொழியைக் குரலாக்கும் மென்பொருள் ஆகிய மூன்றும் இன்று ஒன்றிணைந்து, தமிழிலும் ஓரளவு தடையின்றி உரையாடும் நிலை வந்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் எரிந்து விழுந்தாலும் பாதியில் இணைப்பைத் துண்டித்தாலும் இயந்திரம் வாடுவதில்லை என்பதால், நாள் முழுவதும் அந்த ஏச்சைக் காதில் வாங்கும் இளம்பெண்களுக்கு இது ஒரு வகையில் விடுதலை என்றுகூடச் சொல்லலாம். பிரீமியம் கட்டும் நாளை நினைவூட்டுவது போன்றவற்றை இயந்திரத்திடம் விடுவதால் எவருக்கும் கேடில்லை.

உடல்நிலையைப் பற்றிய கேள்வியோ வேறு வகையானது. காப்பீடு இரு தரப்பின் முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பதால், வாங்குபவர் தமக்குத் தெரிந்த நோயை மறைத்ததாகப் பின்னர் தெரியவந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை, அதாவது கிளெய்ம், மறுக்கப்படலாம். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு ஆயுள் காப்பீட்டில் இவ்வாறு கேள்வி எழுப்புவதற்கு மூன்று ஆண்டு வரம்பு விதித்திருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் 2024-இன் விதிகள்படி அவ்வரம்பு அறுபது மாதம், மோசடி நிறுவப்பட்டால் அதுவும் இல்லை. ஆகவே தொலைபேசியில் இரண்டு நொடியில் சொல்லப்படும் ஒரு 'இல்லை', ஐந்தாண்டுக் காலம் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பணிபுரிவோரை எடுத்துக்கொண்டால் இதன் கனம் விளங்கும். பஞ்சுத்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு வரும் நுரையீரல் நோயை மருத்துவர்கள் பிசினோசிஸ் என்பர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதும், அடுத்த நாட்களில் அது தணிவதும் அதன் தொடக்க அறிகுறி. தணிந்துவிடுவதாலேயே அதை நோயென எண்ணாமல், 'தூசி ஒத்துக்கலை' என்று சொல்லித் தொழிலாளர் கடந்துபோய்விடுகிறார். 'ஆஸ்துமாவோ வேறு மூச்சு நோயோ உண்டா?' என்ற எழுதிவைத்த கேள்விக்கு அவர் மனமறிந்து சொல்லும் விடை 'இல்லைங்க' என்பதே. மில்லில் வேலை என்று காதில் விழுந்ததும், எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள், ப்ளோரூமா ஸ்பின்னிங்கா, லீவு முடிந்து போகும் நாளில் மூச்சு முட்டுகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்க, அந்த ஊர்ப் பழக்கம் உள்ள ஒருவருக்கு எந்தப் பயிற்சி ஏடும் தேவையில்லை.

நீரிழிவின் கதையும் இதுவே. 'சுகர் முன்னே இருந்துச்சு, இப்ப நாட்டு மருந்துல கட்டுக்குள்ள இருக்கு, மாத்திரையெல்லாம் விட்டாச்சுங்க' என்று நிலக்கோட்டைப் பூச்சந்தையின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் சொன்னால், அதை 'உண்டு' என்று குறிப்பதா, 'இல்லை' என்று குறிப்பதா? முன்னரே உள்ள நோய் என்பதற்கு மருத்துவக் காப்பீட்டு விதிகள் தரும் விளக்கம், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்டதோ சிகிச்சை அறிவுறுத்தப்பட்டதோ ஆகும்; எனவே மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர் யார், எந்த ஆண்டில் என்று கேட்டாக வேண்டும். அவ்வாறு துருவிக் கேட்க இயந்திரத்துக்குக் கற்பிக்க இயலும். ஆனால் முடிந்த விற்பனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அதன் திறன் அளக்கப்படும் வரை, வாங்க வந்தவரைத் தயங்க வைக்கும் கேள்வியை அது தானாகக் கற்றுக்கொள்ளும் என எதிர்பார்ப்பது பேதைமை.

கமிஷனுக்காக 'இல்லைன்னே போட்டுக்கிறேன் சார்' என்று சொல்லும் மனிதர்களும் உண்டு, இயந்திரம் அப்படிப் பொய் எழுதாது என்போர் கூற்றில் உண்மை இருக்கிறது. எனினும் அவ்வாறு சொன்ன மனிதருக்கு ஒரு பெயர் உண்டு. அவரை அழைத்து விசாரிக்கலாம், அவர் உரிமத்தைப் பறிக்கலாம். இயந்திரம் சொன்னதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2024-இல் ஒரு தீர்ப்பாயத்தின் முன் வந்தபோது, தன் இணையதள உரையாடல் மென்பொருள் தனக்குத் தானே பொறுப்பேற்க வேண்டிய தனி அமைப்பு என்று ஒரு விமான நிறுவனம் வாதிடவே செய்தது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நிறுவனமே ஈடு செய்ய ஆணையிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரலையும் செயற்கைக் குரலாகவே கொண்டு, அத்தகைய அழைப்புக்கு முன் இசைவு தேவை என அறிவித்தது. இந்தியாவில் தொலைவழிக் காப்பீட்டு விற்பனைக்கென 2011-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் மனிதக் குரலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

ஆகவே, அழைப்பது இயந்திரம் என்பதை முதல் வாக்கியத்திலேயே அறிவிக்க வேண்டும் என்றும், நோயையும் தொழிலையும் பற்றிய வினாக்களைத் தேர்வு எழுதித் தகுதி பெற்ற ஒரு மனிதர் தம் பெயரைச் சொல்லி வாங்குபவரின் பேச்சுமொழியிலேயே கேட்க வேண்டும் என்றும் விதி வருவது அவசரத் தேவை. அது வரும் வரை வாங்குபவர் கையில் இருப்பது பாலிசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் மீள்பரிசீலனைக் காலம், அதாவது பாலிசியை வேண்டாமெனத் திருப்பித் தந்து, சிறு கழிவுகள் போகப் பணத்தைத் திரும்பப் பெறும் அவகாசம். அந்த முப்பது நாளுக்குள் தம் பெயரில் நிரப்பப்பட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகலை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையையாவது அருகில் வைத்துக்கொண்டு, மூச்சு நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய கட்டங்களில் என்ன குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தவறிருந்தால் எழுத்து மூலம் திருத்தம் கோரி, அக்கடிதத்தின் நகலையும் அது சென்று சேர்ந்ததற்கான சான்றையும் பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.