தொட்டிலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா?

வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்தாச்சு. பரணில் கிடக்கும் பழைய மரத்தொட்டிலை இறக்கி, "ரெண்டு கோட்டிங் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்று கிளம்பிவிட்டீர்களா? உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

தை பிறப்பதற்கு முன் எங்கள் திண்டுக்கல்லில் கதவு, ஜன்னல், பெஞ்சு என்று எல்லாவற்றுக்கும் நிறம் ஏறும். அந்த நாட்களில் என்னிடம் வருபவர்கள் தலைவலி, கண்ணெரிச்சல், குமட்டல் என்பார்கள். விசாரித்தால், தூசி படியக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு பெயின்ட் அடித்திருப்பார்கள்! டர்பன்டைன், தின்னர் ஆவி மூச்சோடு உள்ளே போனால் வேறென்ன நடக்கும்? வாசலில், காற்றாட வைத்து அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். ஈரத்தில் சீக்கிரம் காயாது, வாடையும் போகாது. ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரவேண்டாம்.

இந்தத் தலைவலியாவது மறுநாள் போய்விடும். போகாத ஒன்று பழைய பெயின்டுக்குள் இருக்கிறது, ஈயம். சித்த மருத்துவத்தில் இதைக் கருவங்கம் என்போம். மிருதார்சிங்கி என்பதும் ஈயச் சரக்குதான். சுத்தி செய்யாமல் இவற்றைத் தொடாதே என்பது எங்களுக்குக் கல்லூரிப் பாடம். அப்படிப்பட்ட சரக்கை உப்புத்தாளால் தேய்த்துப் பொடியாக்கி வீடெல்லாம் பரப்பலாமா?

மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச் நிறங்களுக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் எனாமல் பெயின்ட்டில் ஈயம் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1978-லேயே வீட்டு பெயின்ட்டில் தடை வந்தது. நம் நாட்டில் 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். உங்கள் பரண் தொட்டில் அதற்கு முந்தியதுதானே?

பல் முளைக்கிற பிள்ளை தொட்டில் கம்பியைக் கடிக்காமல் இருக்குமா? தரையில் விழுந்த தூசி விரல் வழியாக வாய்க்குப் போகும். ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் வரலாம். பல பிள்ளைகளுக்கு வெளியே எதுவுமே தெரியாது. பள்ளிக்கூடம் போகும்போது படிப்பும் கவனமும் பின்தங்கும். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் கருவுக்கும் போகும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய பெயின்ட் உரிந்திருந்தால், அந்தத் தொட்டிலைக் குழந்தைக்குப் போடாதீர்கள். பாட்டி தொட்டில் என்ற பாசம் எனக்கும் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். சேலைத் தூளி இருக்கவே இருக்கிறது! மற்ற சாமான்களைத் தேய்ப்பதானால், வாட்டர் பேப்பரை நனைத்து, வெளியில் வைத்துத் தேயுங்கள். சுரண்டிய தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். விளக்குமாறு போட்டால் பறக்கும். பெயின்ட் ஒட்டிய பழைய மரத்தை அடுப்பில் வைத்து எரிக்கவே கூடாது. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்குமோ என்று சந்தேகமா? ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கஷாயத்தால் ஈயத்தை இறக்குகிறேன் என்று யார் சொன்னாலும், சித்த வைத்தியனே சொன்னாலும், நம்பாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய் கொடுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் சொல்கிறேன், இது மருந்தல்ல.

புது மரம் என்றால் மேல்பூச்சுக்கு அரக்கு பாலிஷ் போடலாம். அம்பாசமுத்திரம் சொப்பு சாமானின் மினுமினுப்பே அரக்குதான். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். கையில் ஒட்டிய பெயின்ட்டுக்குத் தின்னர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தேய்த்து சோப்பு போட்டாலே போதும்.

மீந்த டர்பன்டைனை சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். குழந்தை தண்ணீர் என்று குடித்துவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. என்னிடமும் தூக்கி வராதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.