இரவுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது? கூரைச் சோலரும் பற்றரியும் இன்வேர்ட்டர் அமைப்புகளும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியதும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னதைத்தான் பலரும் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். கூரையில் சோலர் பூட்டிய வீட்டுக்காரர்களுக்கோ வேறொரு கேள்வி இருந்தது. வெளியே நல்ல வெயில். தகடுகள் சுத்தமாக இருக்கின்றன. அப்படியிருந்தும் வீட்டில் ஏன் மின்விசிறி சுற்றவில்லை?

நம் நாட்டுக் கூரைகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை மின்சார சபையின் கம்பியோடு இணைந்து மட்டுமே இயங்கும் வகை இன்வேர்ட்டர்கள். கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் அவை தாமாகவே நின்றுவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறித் திருத்தவேலை செய்யும் ஊழியர் மீது உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது.

மின்தடையிலும் இரவிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியும், அதோடு வேலை செய்யக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த பிறகு பலர் கடன்பட்டாவது இவற்றை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வாங்கிப் பூட்டியதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பற்றரி இரவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இன்வேர்ட்டருக்குள் இருக்கும் நான்கைந்து அமைப்புகள்தான் தீர்மானிக்கின்றன. அவற்றை வீட்டுக்காரரிடம் கேட்டு அமைப்பவர்கள் குறைவு.

எங்கள் வீட்டில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. அப்பாவுக்கு நுரையீரல் நோய். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒட்சிசன் இயந்திரத்தோடு படுக்கவேண்டும் என்பது வைத்தியரின் ஆலோசனை. அந்த இயந்திரம் 350 வோட் எடுக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 2.8 அலகு.

எங்களிடம் இருப்பது 51.2 வோல்ட், 100 அம்பியர் மணித்தியால லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 5.1 அலகு வரும். அது காகிதக் கணக்கு. மின்சாரத்தை மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு போய்விடும். இன்வேர்ட்டர் தான் விழித்திருப்பதற்கே 50 வோட் அளவில் எடுக்கிறது. மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை எங்கள் வீட்டுத் தேவை இது: ஒட்சிசன் இயந்திரம் 2.8 அலகு, இரண்டு மின்விசிறிகள் 1 அலகு, குளிர்சாதனப்பெட்டி அரை அலகு, மின்குமிழ்களும் ரவுட்டரும் 0.3 அலகு. மொத்தம் 4.6. பற்றரியை 20 சதவீதம் வரை இறக்கினால் எமக்குக் கிடைப்பது 3.1 அலகு மட்டுமே. அப்படியானால் எதற்குக் கொடுப்பது, எதை மிச்சம் வைப்பது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும்.

முதலாவது அமைப்பு, முன்னுரிமை. சந்தையில் அதிகம் காணப்படும் 5 கிலோவோட் இன்வேர்ட்டர்கள் பலவற்றில் இது முதலாம் இலக்க அமைப்பாக வரும். யு.எஸ்.பி. என்றால் முதலில் மின்சார சபை. எஸ்.யு.பி. என்றால் சோலர், அடுத்து மின்சார சபை, கடைசியில் பற்றரி. எஸ்.பி.யு. என்றால் சோலர், அடுத்து பற்றரி, அதன் பிறகே மின்சார சபை. இரவில் பற்றரியில் வீடு ஓடவேண்டுமென்றால் தெரிவு செய்யவேண்டியது எஸ்.பி.யு.

இரண்டாவது, இரண்டு எல்லைகள். மின்சார சபைக்குத் திரும்பும் எல்லை ஒன்று. முற்றாகத் துண்டிக்கும் எல்லை மற்றொன்று. கம்பியில் மின்சாரம் இருக்கும்போது பற்றரி முதலாவது எல்லை வரை இறங்கி நிற்கும். மின்சாரம் இல்லாதபோது இரண்டாவது எல்லை வரை போகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் கையிருப்பு.

எங்கள் வீட்டில் சோலர் பூட்டியவர்கள் திரும்பும் எல்லையை 20 சதவீதத்திலும் துண்டிக்கும் எல்லையை 10 சதவீதத்திலும் வைத்துவிட்டுப் போனார்கள். மின்கட்டணத்தைக் குறைக்க அது சரியான அமைப்பு. ஆனால் எங்கள் பாவனைக்கு அதிகாலை 3 மணியளவில் பற்றரி 20 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினாலும், ஒட்சிசன் இயந்திரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே ஓடும். திரும்பும் எல்லையை 70 சதவீதத்துக்கு உயர்த்தினால் அதே இயந்திரம் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் ஓடும். நாங்கள் 70 இல் வைத்திருக்கிறோம். அதோடு வைத்தியர் சொன்னபடி ஒரு ஒட்சிசன் சிலிண்டரும் வீட்டில் இருக்கிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட விடயத்தில் பற்றரியை மட்டும் நம்பக்கூடாது.

புதிய வகை இன்வேர்ட்டர்கள் சிலவற்றில் இதை நேரவாரியாகவும் கொடுக்கலாம். உதாரணமாக, மாலை 6.30 முதல் 10.30 வரை 80 சதவீதம், அதன்பின் காலை 5.30 வரை 70 சதவீதம்.

மூன்றாவது, பற்றரி வகை. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லிதியம் பற்றரி அதைவிட ஆழமாக இறங்கலாம். ஆனால் அதன் வோல்ட் அளவு நடுப்பகுதியில் பெரிதாக மாறாது. ஆகவே வோல்டை வைத்து மிச்சத்தை ஊகிப்பது கடினம். பற்றரியிலிருந்து இன்வேர்ட்டருக்குத் தகவல் வயர் இணைக்கப்பட்டிருந்தால்தான் திரையில் தெரியும் சதவீதத்தை நம்பலாம். அந்த வயர் பூட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சார்ஜ் வோல்ட் அளவுகளைப் பற்றரித் தயாரிப்பாளரின் தாளில் உள்ளபடியன்றி மாற்றவேண்டாம்.

இனி, பணக் கணக்கு. தினமும் இரவில் பற்றரியில் ஓடினால் பில் குறையும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நெட் மீற்றரிங் முறையில் நீங்கள் பகலில் அனுப்பும் ஒவ்வொரு அலகும் இரவில் எடுக்கும் ஓர் அலகோடு கழிக்கப்படுகிறது. அங்கே மின்சார சபையின் கம்பியே உங்கள் பற்றரி. அதே அலகைச் சொந்தப் பற்றரியில் ஏற்றி இறக்கினால் இடையில் இழப்புத்தான் மிச்சம். அப்படிப்பட்டவர்கள் பற்றரியை நிறைத்து வைத்து மின்தடைக்கு மட்டும் பாவிப்பதே நல்லது. மாறாக, மின்சார சபையோடு ஏற்றுமதி ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கும், நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தெரிவு செய்தவர்களுக்கும் இரவில் பற்றரி ஓடுவது இலாபம். நேரக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரையான வேளைதான் விலை கூடியது.

நாட்டுக்கும் இந்த வேளைதான் சிக்கலானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், பகலில் கூரைச் சோலரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சும் அந்த மின்சாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் இருப்பதில்லை. வீட்டுப் பற்றரிகள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். ஆனால் அதற்காக ஒரு நோயாளியின் இரவுக் கையிருப்பைக் கரைக்கச் சொல்ல முடியாது.

வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்கள் மாரி காலத்தை மறக்கக்கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை நாள்கணக்கில் வானம் மூடியிருக்கும்போது சோலரால் மட்டும் பற்றரி நிறையாது. சார்ஜ் செய்யும் முன்னுரிமையில் ‘சோலர் மட்டும்’ என்று இருந்தால், மழை தொடங்குமுன் மின்சார சபையிலிருந்தும் ஏற்றிக்கொள்ளும்படி மாற்றிவிடுங்கள். அமைப்பை மாற்ற ஒரு நிமிடம்தான் செல்லும். புயல் வந்து கம்பம் சாய்ந்த பிறகு மாற்றிப் பயனில்லை.

கடைசியாக ஒரு பரீட்சை. கரண்ட் இருக்கும் ஒரு நாளில், இரவு 8 மணிக்கு, மின்சார சபையிலிருந்து இன்வேர்ட்டருக்கு வரும் பிரேக்கரை நிறுத்திப் பாருங்கள். ஒட்சிசன் இயந்திரம் போன்றவற்றில் தங்கியிருப்பவர் வீட்டில் இருந்தால், அவர் அதைப் பாவிக்காத நேரத்தில் செய்யுங்கள். எந்த மின்குமிழ் எரிகிறது, எந்தப் பிளக்கில் கரண்ட் இல்லை, மணித்தியாலத்துக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். இன்வேர்ட்டரின் பற்றரிப் பக்க வெளியீட்டோடு இணைக்கப்பட்ட சுற்றுகள் மட்டுமே அப்போது வேலை செய்யும். முக்கியமான பிளக் அதில் இல்லையென்றால் மின்னியலாளரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். மின்சார சபைத் தொடர்பு இல்லாத நேரத்திலும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அவரிடமே சோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத இரவில் கரண்ட் போனால், அம்மாவோ தம்பியோ அதைப் பார்த்து எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம்.