281 ஓட்டு!

2021-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பவானி நகரம் அடங்கிக் கிடந்தது. கூடுதுறையில் கூட்டம் இல்லை. ஜமக்காளக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய நேரம் அது. ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு.

வீதிதான் அமைதி. வீட்டுக்குள்ளே ஒரே பரபரப்பு! ஏப்ரல் 6-ந் தேதி போட்ட ஓட்டை, 26 நாள் கழித்து அன்றுதான் எண்ணினார்கள். அடுப்பில் பால் பொங்குவதைக்கூட கவனிக்காமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது குடும்பம்.

"அடுத்த ரவுண்டு வந்துருச்சுங்களா, மாமா?"

"இருங்க மாப்பிள்ளை, இப்பத்தான் சொல்றான்!"

பவானி தொகுதியில் அவ்வளவு கவலை இல்லை. அ.தி.மு.க. வேட்பாளர் கருப்பணன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். திக்திக் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது வேறொரு தொகுதிக்காக!

ஈரோட்டுக்கு வடக்கே பவானி. தெற்கே மொடக்குறிச்சி. அங்கே இரண்டு பெண்கள் மோதினார்கள்.

ஒருவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். தி.மு.க. வேட்பாளர். எம்.ஜி.ஆர். மந்திரிசபையிலும், பின்னர் மத்திய அரசிலும் மந்திரியாக இருந்தவர். இன்னொருவர் டாக்டர் சரஸ்வதி. பாரதீய ஜனதா வேட்பாளர்.

புத்தகம் போல ஓட்டுச்சீட்டு

மொடக்குறிச்சிக்கு ஏற்கனவே ஒரு பெயர் உண்டு. 1996-ம் ஆண்டு சட்டசபை தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள்!

தங்கள் குறைகளை அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது விவசாயிகளின் கோபம். கூட்டம் கூட்டமாக வந்து மனு தாக்கல் செய்துவிட்டார்கள். அப்போது டெபாசிட் தொகை 250 ரூபாய்தான். இத்தனை பெயரை ஒரு சீட்டில் அச்சடிக்க முடியுமா? ஓட்டுச்சீட்டு புத்தகம் போல ஆகிவிட்டது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள்.

88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. (வேட்பாளரின் சொந்த ஓட்டு எங்கே போயிற்றோ!) அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. சட்டசபை டெபாசிட் 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது.

அந்த 1,033 பேரில் வெற்றி பெற்றவர் யார் தெரியுமா? இதே சுப்புலட்சுமி ஜெகதீசன்தான்! அதுவும் சாதாரண வெற்றி அல்ல. அமோக வெற்றி!

25 ஆண்டு கழித்து, அதே தொகுதியில், ஒரே ஒருவரை முந்த அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முன்னிலை ஏன் மாறுகிறது?

முதலில் தபால் ஓட்டு. பிறகு எந்திரம். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேஜை போடுவார்கள். 14 மேஜையிலும் உள்ள எந்திரங்களை எண்ணி முடித்தால் ஒரு சுற்று. வாக்குச்சாவடிகளின் வரிசை எண்படியே எந்திரங்கள் வரும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பேசுவது வேறு வேறு ஊர்! ஒரு கட்சிக்கு செல்வாக்குள்ள ஊர்கள் முதலில் வந்தால், அந்தக் கட்சி காலையில் முன்னால் நிற்கும். மாலையில் மற்ற ஊர்கள் வரும். கதை தலைகீழாகும்.

அன்று கோவை தெற்கு தொகுதியில் நடந்தது இதுதான். நடிகர் கமல்ஹாசன் பகலில் வெகுநேரம் முன்னிலையில் இருந்தார். கடைசிச் சுற்றுகளில் வானதி சீனிவாசன் முந்தினார். 1,728 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

மொடக்குறிச்சியிலோ அதைவிட நெருக்கம்! டாக்டர் சரஸ்வதிக்கு 78,125. சுப்புலட்சுமிக்கு 77,844.

வித்தியாசம் 281!

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 141 பேர் மாற்றிக் குத்தியிருந்தால், சுப்புலட்சுமி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். 141 பேர் என்றால், இரண்டு டவுன் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம்!

வென்றவர்களாலும் வெடி வெடிக்க முடியவில்லை. கொரோனாவுக்காக வெற்றி ஊர்வலங்களுக்குத் தேர்தல் கமிஷன் தடை போட்டிருந்தது. 2022-ல் சுப்புலட்சுமி அரசியலை விட்டே விலகினார்.

கரும்பலகைக் காலம்

டெலிவிஷன் இல்லாத காலத்தில் இந்தத் தவிப்பு இன்னும் நீளம். ஓட்டுச்சீட்டைப் பிரித்து, அடுக்கி, கட்டுக் கட்டி எண்ண வேண்டும். ஜனங்கள் டீக்கடை ரேடியோவைச் சூழ்ந்து நிற்பார்கள். பத்திரிகை ஆபீஸ் வாசலில் கரும்பலகை. சாக்பீஸ் எப்போது நகரும் என்று பார்த்தபடி ராத்திரியெல்லாம் காத்திருப்பார்கள்.

1967-ல் அப்படிக் காத்திருந்தவர்கள் தங்கள் காதையே நம்பவில்லை. விருதுநகரில் காமராஜர் தோல்வி! மாணவர் தலைவராக இருந்த சீனிவாசன் 1,285 ஓட்டில் அவரைத் தோற்கடித்துவிட்டார்.

எண்ணி முடித்தாலும் நிம்மதி வராத தொகுதியும் உண்டு. 2016-ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற அப்பாவு கோர்ட்டுக்குப் போனார். தள்ளுபடியான தபால் ஓட்டுகள் மீதுதான் வழக்கு. 2019-ல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. எண்ணியும் எண்ணாத கதை! 2021-ல் அப்பாவு அதே தொகுதியில் வென்று சபாநாயகர் ஆனார்.

பவானியிலிருந்து அந்தியூர் வழியாக பர்கூர் மலை ஏறி இறங்கினால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டம். அங்கே சந்தேமரஹள்ளி என்று ஒரு தொகுதி இருந்தது. 2004-ல் காங்கிரசின் துருவநாராயணாவுக்கு 40,752. ஜனதா தளத்தின் கிருஷ்ணமூர்த்திக்கு 40,751.

ஒரே ஓட்டு!

சமமாக வந்திருந்தால் சட்டப்படி குலுக்கல் சீட்டுதான். அந்த வாய்ப்பும் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கார் டிரைவரே அன்று ஓட்டுப் போடவில்லை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

19 ஆண்டு கழித்து, 2023-ல், பக்கத்து கொள்ளேகால் தொகுதியில் அவர் நின்றார். இம்முறை காங்கிரஸ் வேட்பாளர். வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் மேலே!