தண்ணீரின் தோல்

திருக்கழுக்குன்றத்துக்கு யாத்திரை செல்வோர் வேதகிரி மலையேறி இறங்கியபின் சங்கு தீர்த்தத்தின் படிகளில் சற்று இளைப்பாறுவது வழக்கம். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை இக்குளத்தில் சங்கு தோன்றும் என்பதும், அது மிதந்து கரையை நாடி வரும் என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கடலில் வாழும் சங்கு நன்னீரில் தோன்றும் விந்தையை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. படியில் உட்கார்ந்திருக்கும் எந்தச் சிறுவனும் கேட்கக்கூடிய எளிய கேள்வி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சங்கு கல்லைப் போல் கனமாயிற்றே, அது எவ்வாறு மிதக்கும்?

சங்கின் ஓடு, அதே கன அளவுள்ள தண்ணீரைப் போல் ஏறக்குறைய 2.7 மடங்கு கனமானது. ஆகவே வெறும் ஓடு மூழ்கத்தான் வேண்டும். ஆனால் அதன் சுருளுக்குள் போதிய காற்று அடைபட்டிருந்தால், ஓடும் காற்றும் சேர்ந்த எடை, அது விலக்கும் நீரின் எடைக்கு உட்பட்டுவிடும், சங்கு மிதக்கும். இது 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்து ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. இரும்புக் கப்பல் மிதப்பதும் இதனாலேயே. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரக் கடற்கரையில் முன்னாளில் எங்கும் காணப்பட்ட கட்டுமரமும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. அதில் குழிவு இல்லை. மரமே நீரினும் லேசானது. மரம் நீரை உறிஞ்சினால் கனத்துவிடும் என்பதை அறிந்த மீனவர்கள், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவைத்தார்கள். விதியின் பெயரை அறியாமலே விதியை அறிந்தவர்கள் அவர்கள்.

இனி வேறொரு காட்சி. ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை அசைவில்லாமல் வையுங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அதன்மேல் மிதக்கவிட்டு, காகிதத்தின்மேல் தையல் ஊசி ஒன்றைப் படுக்க வையுங்கள். காகிதம் நனைந்து அடியில் போய்விடும். ஊசியோ மேலே நிற்கும். ஊசிக்குள் காற்று இல்லை. எஃகு தண்ணீரைப் போல் ஏறக்குறைய 7.8 மடங்கு கனம். சற்றே தலை தாழ்த்திப் பார்த்தால், ஊசியின் அடியில் தண்ணீர் மெத்தையைப் போல் பள்ளமாகியிருப்பது தெரியும். இங்கே ஆர்க்கிமிடீஸின் விதி மட்டும் போதாது. ஊசியைத் தாங்குவது தண்ணீரின் தோல்!

தோல் என்றால் பாலின் மேல் படியும் ஆடை போன்ற தனிப் பொருள் அன்று. நீரின் நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுத்த வண்ணம் இருக்கின்றன. நீரின் நடுவே உள்ள துகளை நாற்புறமும் இழுக்க அண்டையார் உண்டு. மேற்பரப்பில் உள்ள துகளுக்கோ மேலே துணை இல்லை. பக்கத்திலும் கீழேயும் உள்ளவையே இழுப்பதால் மேற்பரப்பு எப்பொழுதும் விறைத்துச் சுருங்கப் பார்க்கிறது. இதையே பரப்பு இழுவிசை என்கிறது பௌதிக சாஸ்திரம். இதன் வலிமையை அளந்தும் இருக்கிறார்கள்: ஒரு சென்டிமீட்டர் நீள ஓரத்துக்குச் சுமார் 73 மில்லிகிராம் எடை. நான்கு சென்டிமீட்டர் ஊசிக்கு இரு பக்கமும் சேர்த்து எட்டு சென்டிமீட்டர் ஓரம். ஆகவே தோல் அரை கிராமுக்கு மேல் தாங்கக்கூடும். மெல்லிய ஊசியின் எடை அதற்கு வெகு குறைவு.

நமக்கு இது விளையாட்டு. குளத்துச் சிற்றுயிர்களுக்கோ இதுவே தரையும் கூரையும். நெட்டைக் கால்களை ஊன்றி நீரின்மேல் சறுக்கி ஓடும் பூச்சியைப் பாராதவர் இல்லை. அதன் ஒரே காலை நீர்த்தோல் உடல் எடையைப் போல் 15 மடங்கு வரை தாங்கும் என்று 2004இல் சீன விஞ்ஞானிகள் அளந்து கூறினர். குளத்து நத்தைகள் சில இத்தோலின் அடிப்புறத்தைப் பற்றித் தலைகீழாக ஊர்கின்றன. கொசுப்புழுவும் இதையே நம்பி வாழ்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, வால்புறத்து மூச்சுக்குழலை நீர்த்தோலில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கிச் சுவாசிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸின் புழு பரப்பையொட்டிப் படுத்துக் கிடக்கும்.

இப்பொழுது நம் ஊசிக் கிண்ணத்தில், சோப்பைத் தொட்ட விரல் நுனியை ஓரமாக வையுங்கள். ஊசி திடுக்கிட்டு ஓடி மூழ்கிவிடும். சோப்பு, நீரின் இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது; ஊசியும் நனைந்துவிடுகிறது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் செய்வது இதே வேலைதான். தோல் தளர்வதால்தான் தண்ணீர் துணியின் இழைகளுக்குள் புகுந்து அழுக்கைக் கழுவுகிறது. எண்ணெயின் ஆற்றலும் சிறிதன்று. இங்கிலாந்தில் கிளாபம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் அரை ஏக்கர் பரப்பின் அலையை அடக்கியதை பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டார். 1774இல் அதை வெளியிட்டார்.

இந்த அறிவு மனித உயிரைக் காக்கவும் பயன்பட்டது. 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன்பின் தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளிக்கும் வழக்கம் பரவியது. எண்ணெய்ப் படலத்தில் புழு பரப்பைப் பற்ற இயலாமல் மூச்சடைத்து மாளும்.

அப்படியானால் குளத்தில் சோப்பு கரைவதும் நல்லதுதானே என்று சிலர் எண்ணலாம். அது பெரும் பிழை. சோப்பு நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது. புழுவைத் தின்னும் பூச்சியும் மீன்குஞ்சும் சேர்ந்து அழியும். கொசு பறந்து வந்து சில நாளில் மீண்டும் முட்டையிடும்; அதைத் தின்பவை மீண்டு வரத் தாமதமாகும். ஆகவே குளப்படியில் சோப்பும் சலவைத் தூளும் கரைப்பதைத் தவிர்ப்பதே ஊருக்கு நன்மை. பயன்படாத சாக்கடைக் குட்டைக்கு எண்ணெய் ஏற்றதாகலாம். குடிநீருக்கும் குளத்துக்கும் ஆகாது. வீட்டுத் தொட்டியையும் குடத்தையும் இறுக மூடி, வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

இந்தச் சாஸ்திரத்துக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் சமையலறையிலிருந்து வந்தார் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிய வேண்டும். ஜெர்மனியில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். பெற்றோரைப் பேணி வீட்டைக் கவனித்து வந்தவர். தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு சிறு பொத்தானை நீர்ப்பரப்பிலிருந்து தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து, நீரின் தோலில் அழுக்கு செய்யும் மாறுதலைக் கண்டார். 1891இல் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. அவருடைய தொட்டியின் வழியே சென்ற லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் போக்கல்ஸுக்கும் பிரன்ஸ்விக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

தொட்டியும் பொத்தானும் நம் வீடுகளிலும் இருக்கின்றன. ‘ஏன்?’ என்று குழந்தை கேட்கும்போது, ‘பார்க்கலாம் வா’ என்று கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் தாயும் தந்தையுமே நமக்கு வேண்டும்.