தேடி வர வைக்கும் சரக்கு

சோப்பு, பற்பசை, பிஸ்கட், டீத்தூள் பாக்கெட் ஆகியவை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். ஒரே கம்பெனி, ஒரே பொட்டலம், அச்சடித்த ஒரே விலை. அப்படியிருக்க, ஒரு வாடிக்கையாளர் பெரிய அங்காடியைத் தாண்டி, கைப்பேசியில் பதிவு செய்தால் சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கே சரக்கு வந்துவிடும் வசதியையும் தாண்டி, நம் கடைப்படி ஏன் ஏற வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திராத மளிகைக் கடை இனி நிலைப்பது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை.

பதில் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோவையைச் சுற்றியுள்ள பகுதிகளில் விளைகிற, காய்ச்சுகிற, ஆட்டுகிற பண்டங்கள் வேறு எந்தப் பகுதிக்கும் எளிதில் வாய்க்காதவை. அவற்றை அடையாளம் கண்டு, நல்லதாகப் பார்த்து வாங்கி, இன்ன ஊர்ச் சரக்கு என்று சொல்லி விற்கும் கடைக்கு ஆட்கள் தேடித்தான் வருகிறார்கள். அந்தச் சரக்குகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு பொருளில் எடுத்த பெயர்

முதலில், பெரிதாக வளர்ந்தவர்கள் எதில் தொடங்கினார்கள் என்று பார்ப்போம். 'நீல்கிரீஸ்' என்ற பெயரில் தென்னிந்தியா முழுவதும் அறியப்பட்ட நிறுவனம் 1905-ல் நீலகிரி மலையில் வெண்ணெய், பால்பொருள் வியாபாரமாகத் தொடங்கியது. 1936-ல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கடை திறந்தது. கோவை பழமுதிர் நிலையம் 1965-ல் ஒரு பழக்கடையாகத்தான் ஆரம்பமானது. ஈரோட்டின் சக்தி மசாலா 1975-ல் மஞ்சள் வணிகத்தில் கால் ஊன்றி, பிறகே மசாலாத் தூளுக்கு வந்தது. மூவருமே எல்லாப் பொருளையும் விற்றுப் பெயர் எடுத்தவர்கள் அல்லர். ஒரு பொருளில் பெயர் எடுத்தார்கள், அந்த நம்பிக்கையின் மேல் மற்றவற்றை அடுக்கினார்கள். நம் தெருக்கடைக்கும் இதே வழிதான்.

நாட்டுச் சர்க்கரை

"ஏனுங்க, இது கவுந்தப்பாடிச் சர்க்கரைதானுங்களா?" என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் நம் பகுதியில் இன்றும் உண்டு. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் நாட்டுச் சர்க்கரை ஏலத்தில்தான் பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்குக் கொள்முதல் செய்கிறது. அங்கே 60 கிலோ மூட்டைதான் கணக்கு. சித்தோடு சந்தையில் உருண்டை வெல்லம், அச்சு வெல்லம், நாட்டுச் சர்க்கரை மூன்றும் கிடைக்கும். சாறு ஒன்றுதான். பாகை அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம், கையில் உருட்டினால் உருண்டை, ஆற ஆறத் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை.

இதில் நிறம்தான் பெரிய ஏமாற்று. வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பது நல்ல சரக்கு என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். அந்த நிறத்துக்காகச் சில ஆலைக்கொட்டகைகளில் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் சேர்க்கிறார்கள். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சுண்ணாம்பும் வெண்டைத் தண்டின் கொழகொழப்பும் கொண்டு அழுக்கெடுத்துக் காய்ச்சிய வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஒரு தைப்பொங்கலுக்கு முன், வழக்கமான இடத்தை விட்டு, கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு என்று வேறொருவரிடம் பத்து மூட்டை எடுத்தோம். பார்வைக்கு அருமையான சரக்கு. பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், இருபது வருடமாக எங்களிடம் வாங்கும் ஒரு அம்மா மீதியைக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். "தம்பி, இது இனிக்குது, ஆனா மணக்கல. சீனி போட்டுக் காய்ச்சியிருக்காங்க. நீங்க பார்த்து வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் திட்டவில்லை. அதுதான் உறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மிச்ச மூட்டைகளை விற்காமல் திருப்பி அனுப்பினோம். லாபம் என்று கணக்குப் போட்டது நட்டத்தில் முடிந்தது.

இதில் கற்றது ஒன்று. காய்ச்சும்போதே சீனி கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது, சோதனைக்கூடத்தில்தான் தெரியும். ஆகவே சரக்கைப் பார்த்து வாங்குவதோடு ஆலையையும் பார்த்து வாங்க வேண்டும். கரும்பு ஆடும் காலத்தில் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்து, ஓர் ஆலைக்காரரிடம் நிலையாகக் கொள்முதல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இருப்பு வைக்கும்போது தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிவிடும் என்பதால் மழைக்காலத்தில் பதினைந்து நாள் விற்பனைக்கு மேல் இருப்பு வேண்டாம்.

மஞ்சள்

ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நட்டு ஒன்பது, பத்து மாதத்தில் வெட்டி, வேக வைத்து, காயப் போட்டு, மெருகேற்றிச் சந்தைக்கு வருகிறது. விரலி, கிழங்கு என்று இரண்டு வகை. தை, மாசி தொட்டுப் புது மஞ்சள் வரத் தொடங்கும். 'புது மஞ்சள் வந்துவிட்டது' என்று கடை வாசலில் எழுதி வையுங்கள், கேட்டு வருவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள், ஈயக் குரோமேட் போன்ற நச்சுச் சாயங்கள் கலக்கும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. முழு மஞ்சளாக வாங்கி, தெரிந்த மில்லில் நம் முன்னிலையில் அரைத்துப் பொட்டலமிட்டால் அந்தக் கவலை பெருமளவு குறையும். அடுத்தது, புவிசார் குறியீடு பெற்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். வேறு மாநில மஞ்சளுக்கு ஈரோட்டுப் பெயரைப் போட்டு விற்பது வாடிக்கையாளரையும் விவசாயியையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவதாகும்.

செக்கு எண்ணெய்

காங்கேயம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும்தான். நல்லெண்ணெய்க்கு எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய முறை. மரச்செக்கு எண்ணெய்க்குத் திரும்பவும் மவுசு வந்திருப்பதால் விலை கூடுதலானாலும் போகிறது. ஆனால் இதைப் பற்றி நாம்தான் வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செக்கில் ஆட்டிய எண்ணெய், சுத்திகரித்த எண்ணெயைப் போல் தண்ணீராகத் தெளிந்திருக்காது, அடியில் கசடு நிற்கும். வெயிலில் வைத்துத் தெளிய வைத்த பின்னும் சிறிது இருக்கும். அது கலப்படமல்ல. அதேபோல், மார்கழி, தை மாதக் காலை நேரங்களில் தேங்காய் எண்ணெய் உறைந்து போவதைக் கண்டு 'என்னத்தையோ கலந்துட்டாங்க' என்று சந்தேகப்படுவோர் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு என்று சொல்லிக் கொடுங்கள். கொப்பரை வாங்கும் ஆலையில் கந்தகப் புகை போடாத கொப்பரையா என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. செக்கு எண்ணெய் மாதக்கணக்கில் தாங்காது. ஆட்டிய தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பருப்பும் கொள்ளும்

செம்மண் கட்டி உடைத்த துவரம்பருப்பு என்பது இன்றைய இளைய தலைமுறைக்குப் புதுச் செய்தி. துவரையை ஊற வைத்து, செம்மண் பூசிக் காய வைத்து, பிறகு உடைப்பார்கள். தோல் சுலபமாகப் பிரியும், பருப்பும் ருசிக்கும். பாலிஷ் போட்ட பருப்பைப் போல் மினுக்காது என்பதால் வாங்கத் தயங்குவார்கள். முதல் முறை கால் கிலோ கொடுத்து, "வேக வைத்துப் பார்த்துவிட்டு வாங்க" என்று சொன்னால் போதும்.

கொங்குச் சமையலில் கொள்ளுக்குத் தனி இடம். கொள்ளுப் பருப்பு கடைந்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைப்பது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். கொள்ளு, தட்டைப்பயறு போன்றவை பழசானால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது. அதற்கு வாங்கியவர் சமையலைக் குறை சொல்ல மாட்டார், கடையைத்தான் சொல்வார். ஆகவே பழைய இருப்பும் புது வரவும் கலக்காமல், முதலில் வந்ததை முதலில் தள்ளுங்கள். வண்டு விழாமலிருக்க நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத டின்னில் போட்டு வைப்பதே நல்லது.

வெண்ணெயும் மலைச் சரக்கும்

ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் திருப்பூர், ஈரோடு, கோவை மூன்று ஊருக்கும் வாயில் நீர் ஊறும். எருமைப் பால் வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும், மஞ்சள் நிறம் பசும்பால் வெண்ணெய்க்கே உரியது. "மஞ்சளா இல்லீங்களே" என்று கேட்பவருக்கு இதைச் சொல்ல நம் கடைப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முருங்கை இலை போட்டுக் காய்ச்சிய நெய்யைச் சிறு பாட்டிலில் வைத்தால் பண்டிகைக் காலத்தில் நிற்காது.

மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலமாகும் ஊட்டிப் பூண்டு, நீலகிரித் தேயிலை, ஊட்டி வர்க்கி, சேலத்து ஜவ்வரிசி (இதற்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்தது) ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

ஒரு சோறு, ஏழு சரக்கு

வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கோவைக்கு வந்து குடியேறியவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் ஓட்டலிலோ நண்பர் வீட்டிலோ அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, "அதுக்கு என்ன வாங்கணும்?" என்று கேட்டு வருகிறார்கள். இதை விற்பனை வாய்ப்பாகப் பாருங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள் என்று ஏழு சரக்கு ஒரே சோற்றில் அடக்கம். மேலே ஊற்ற நெய் தனி. செய்முறையை ஒரு சீட்டில் அச்சிட்டு உடன் கொடுத்தால் ஐம்பது காசு செலவில் ஒரு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பார். சந்தகைக்கு இட்லி அரிசி, எள்ளு, வெல்லம், தேங்காய் என்று அதற்கும் ஒரு தொகுப்புப் போடலாம். பெரிய அங்காடியில் பொருள் இருக்கும், இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பதில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம்

நம் சரக்கு நல்லது என்பதற்காக விதி விலகி நிற்காது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போன்ற அரைத்த மசாலாப் பொருள்களைப் பொட்டலமிட்டுத்தான் விற்க வேண்டும், டின்னைத் திறந்து அள்ளிக் கொடுக்கக் கூடாது. சமையல் எண்ணெயும் அடைத்து, லேபிள் ஒட்டி விற்க வேண்டிய பொருளே. பொட்டலத்தில் பொருளின் பெயர், எடை, பொட்டலமிட்டவர் முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, வெல்லம் முதலியவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. மூட்டையைப் பிரித்து வாடிக்கையாளர் முன் எடை போட்டுக் கொடுப்பது அந்த வரிக்குள் வரவில்லை. உங்கள் கடைக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் தின்பண்டம் மடிப்பதை நிறுத்திவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

பத்துச் சரக்கும் ஒரே நாளில் வேண்டாம். ரங்கே கவுடர் வீதிக்கு வாரம் ஒரு முறை போகும் நாம், மாதம் ஒரு முறை கவுந்தப்பாடிக்கோ காங்கேயத்துக்கோ போய் வரலாம். முதலில் இரண்டு பொருள், ஒரு தனி அலமாரி. ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர், வந்த தேதி, விலை. ஊர்ப் பெயர் உறுதியாகத் தெரியாத சரக்குக்கு ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. ருசி பார்க்கச் சிறு தட்டு. பிடிக்கவில்லை என்று கொண்டு வந்தால் கேள்வி கேட்காமல் திரும்பப் பெறுதல். ஆறு மாதம் இப்படி நடத்திவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

சர்க்கரையைத் திருப்பிக் கொண்டு வந்த அந்த அம்மா இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஒவ்வொரு புது மூட்டை பிரிக்கும்போதும் ஒரு சிட்டிகை அவர் கையில் போடுகிறோம். அவர் தலையாட்டிய பிறகுதான் தராசில் ஏற்றுகிறோம். அப்படி ஒரு வாடிக்கையாளரை ஒவ்வொரு கடையும் சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.